கருவி தொடாத நாள்

விஸ்வகர்மா பூஜை அன்று, சாமிக்கு முன்னாலேயே, என் தங்கை புருஷனை அறைந்தேன். அவன் வாயில் இருந்த சந்தேஷ் இனிப்புத் துணுக்கு பறந்துபோய் சாமியின் யானை மேல் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை மேல் கை வைப்பது எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். கல்கத்தாவுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால் அது குறைந்துவிடாது.

அவன் பெயர் கலியன். டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோவுக்குப் பின்பக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கராஜ். இரும்பு வேலை அவனுடையது, ஒயரிங் என்னுடையது. அவன் துளை போட்டு, போல்ட் மாட்டி, சாமானை உட்கார வைப்பான். நான் அதற்குக் கரண்ட் கொடுப்பேன். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்றால் பிடிவாதம் அவனுக்கு உடம்பு முழுக்க.

சண்டை ஒரு ஜீப்பால் வந்தது. பாபு தாதா என்று ஒருவர், ஷூட்டிங்குக்கு வண்டி விடுகிறவர். கார்டன் ரீச்சில் அவருக்கு ஷெட் இருக்கிறது. வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும் ஆள். புருலியா காட்டில் அவுட்டோர், பூஜைக்கு மறுநாள் காலை கிளம்ப வேண்டும். மணலில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸர் வேண்டுமாம். பானெட்டுக்கு அடியில், பேட்டரியில் ஓடுகிற மாதிரி. இத்தனை அவசரம் உள்ளவர் பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினார்.

கலியன் பேட்டரிக்குப் பக்கத்துத் தகரத்தில் நாலு துளை போட்டு, பிராக்கெட் வைத்து, கம்ப்ரஸரை உட்கார வைத்தான். பானெட் இடிக்குமா, ரேடியேட்டர் குழாய் உரசுமா என்று நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் நட்டுகளை விரலால் மட்டும் திருகி விட்டிருந்தான். நான் சுவிட்சும் ரிலேயும் மாட்டி, தடித்த சிவப்பு ஒயரை பேட்டரி வரைக்கும் இழுத்து, நுனியை மாட்டாமல் தொங்க விட்டிருந்தேன். நடுவில் ஃபியூஸ் ஒன்று பாக்கி. ஒயர் எங்காவது நசுங்கித் தகரத்தைத் தொட்டால் முதலில் ஃபியூஸ் சாகும், வண்டி பிழைக்கும். ஃபியூஸ் இல்லாவிட்டால் பேட்டரியில் இருக்கிற அத்தனை கரண்ட்டும் அந்த ஒரு ஒயரில் பாய்ந்து கொளுத்திவிடும். ஒயரை வெட்டி நடுவில் அதைச் சேர்த்து, முனையில் லக்கு என்கிற செம்பு வளையம் வைத்து நசுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கலியன் கருவிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டான். மண்ணெண்ணெயில் கழுவி, சிந்தூரம் வைத்து, சாமி காலடியில் அடுக்கிவிட்டால் பூஜை முடிந்து அடுத்த நாள் காலை வரைக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட யாரும் தொடக் கூடாது. இந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதுதான் சட்டம். டிரைவர்கள்கூட ஜாக்கியையும் டூல் பையையும் கொண்டுபோய் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள்.

பூஜை அன்று மத்தியானம் பாபு தாதா டிரைவர் ரஞ்சனோடு வந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது. வண்டியை இப்போதே எடுக்க வேண்டும், கம்ப்ரஸரை ஓட்டிக் காட்டு என்றார்.

நான் கலியனிடம் போனேன். "மாப்ள, பதிமூணாம் நம்பர் ஸ்பேனரும் அந்த நசுக்கற பிளேயரும் மட்டும் குடு. முடிச்சிட்டு அங்கியே வெச்சிடறேன்."

"நாளைக்குக் காலையில."

"அவுரு இப்ப எடுத்துகினு போறாருடா!"

"நாளைக்கு எடுத்துகினு போவட்டும். எங்கப்பாவுக்கு ரெண்டு விரலு போனது இதே நாள்லதான். மிஷினத் தொட்டாரு, போச்சி."

"உங்கப்பா குடிச்சிட்டுத் தொட்டாரு. அதுக்கு விஸ்வகர்மா இன்னா பண்ணுவாரு?"

அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நான் அறைந்தேன். அடுத்த நொடி என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து மோதினான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அவன் வயிற்றில் முழங்காலால் இடித்தேன். பாபு தாதா சேவல் சண்டை பார்க்கிறவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை மிருகமாக்கியது.

"கருவிதானே கூடாது? கை கூடும்ல?" என்று கத்திக்கொண்டே ஜீப்புக்குப் போனேன். சிவப்பு ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தேன். செம்பு இழைகளை பேட்டரி முனையில் இறுக்கிச் சுற்றி, நுனியைச் செருகினேன். சுவிட்சைத் தட்டியதும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடியது. பாபு தாதா என் முதுகில் ஓங்கி ஒரு ஷொட்டு வைத்தார்.

ஃபியூஸ் இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தது மட்டுமில்லை, இனித்தது. வழியில் கொஞ்சம் புகையட்டும், அப்போதுதான் இந்த மடையனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி இருந்தது, அதுவும் ஆத்திரத்தின் பக்கம் நின்றது.

கலியன் வந்து நட்டுகளை மறுபடி விரலால் திருகிப் பார்த்தான். முகம் தெளியவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நான் கூடப் போறேன். அவுரு ஷெட்டுல படுத்துக்கறேன். காலையில ஸ்பேனர எடுத்துகினு வந்துடு, அங்கியே டைட் வெச்சிடலாம்."

சொல்லிவிட்டு ரஞ்சன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். ஒயரைக் கழற்றிவிட்டுப் போடா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிழிந்த உதடு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய் ஒரு தட்டு கிச்சுரிப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் ரஞ்சன் போன் செய்தான். "ஆகுன், தாதா, ஆகுன்!" தீ அண்ணா, தீ என்று அலறினான். பின்னால் யாரோ ஊளையிடுகிற சத்தம் கேட்டது. அது கலியன் குரல் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பைக்கை எடுத்துக்கொண்டு, கார்டன் ரீச் போகிற வழியில் இருக்கிற தாராதலாவுக்குப் பறந்தேன்.

கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியதும் பிராக்கெட் துள்ளி, கம்ப்ரஸர் சரிந்து, சிவப்பு ஒயரைத் தகரத்தோடு நசுக்கியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் ஒயர் முழுக்கப் பழுத்துச் சிவந்திருந்ததாம். பேட்டரியைக் கழற்ற ஸ்பேனர் கொடு என்று கலியன் கேட்டிருக்கிறான். ரஞ்சனின் டூல் பை ஷெட்டில் சாமி முன்னால் இருந்தது. கலியன் இரண்டு கையாலும் அந்த ஒயரைப் பிடித்துப் பிய்த்து எறிந்திருக்கிறான். மிச்ச நெருப்பை டீக்கடைக்காரர்கள் மண்ணைப் போட்டு அணைத்தார்கள். ஜீப் பிழைத்துக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கலியன் ரோட்டில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கையையும் முன்னால் ஏந்தி வைத்திருந்தான். உள்ளங்கையில் கருகிய பிளாஸ்டிக் தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. பின்னாலேயே காரில் வந்த பாபு தாதா, ஏதோ பந்தலிலிருந்து உருவிய மூங்கிலால் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் கூட்டத்தை விலக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்கள். பூஜை நாளில் இந்த ஊர் வழக்கப்படி மாடிகளில் பட்டம் விடுகிறவர்கள் யாருடைய பட்டமோ அறுந்ததற்கு "போ காட்டா!" என்று கூவினார்கள். கீழே மூங்கில் விழுந்தது.

"கே கொரேச்சே?" யார் செய்தது என்று கேட்டு ஒரு அடி.

"ஆமி," என்றான் கலியன். நான்தான். நட்டை இறுக்காமல் விட்டது அவன் என்பதால் எல்லாமே தன்னால் வந்தது என்று நம்பினான். அவனைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான்.

பத்தடி தூரத்தில் நின்றேன். ஊரில் எல்லாரிடமும் குரைக்கிற என் வாய் அப்போது திறக்கவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது, பிடரியில். அவன் முகம் ரோட்டில் இடித்தது, அப்போதும் கைகளைத் தரையில் ஊன்றவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது.

ஓடிப்போய் மூங்கிலைப் பிடித்தேன். ஒயரிங் என்னுடையது, ஃபியூஸ் போடாமல் வேண்டுமென்றே விட்டவன் நான், போட்டிருந்தால் ஃபியூஸ் மட்டும் எரிந்திருக்கும் என்று வங்காளத்தில் கத்தினேன். பாபு தாதா ஒரு நொடி நிறுத்தினார். பிறகு என் தோளெலும்பில் இறக்கினார். உள்ளே எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன்.

கலியன் தலையைத் தூக்கினான். "ஃபியூஸ் போடலியா?" என்று தமிழில் கேட்டான்.

"போடல மாப்ள."

அவன் எழுந்தான். கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, ஓடிவந்து தலையால் என் முகத்தில் முட்டினான். மூக்கு நொறுங்கியது. மேலே விழுந்து முழங்காலால் நெஞ்சிலும் வயிற்றிலும் இடித்தான். காதைக் கடித்தான். விடவே இல்லை. அவனை அடிக்க வந்த பாபு தாதாவின் ஆட்களே கடைசியில் அவனை இழுத்துப் பிடித்தார்கள். பாபு தாதா மூங்கிலைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

சாயங்காலம், ஆஸ்பத்திரி. கலியனுக்கு முழங்கை வரைக்கும் கட்டு. வலது கையில் மூன்று விரலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். மூக்கில் பஞ்சும், கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்ட தூளியுமாக நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். என் தங்கை கல்பனா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருண்ணா பண்ணது? அந்த பாபுவா?"

ஒன்று விடாமல் சொன்னேன். சண்டை, ஒயர், ஃபியூஸ் எல்லாம். அவள் அழாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவுரு ஜீப்புல ஏறும்போது ஃபியூஸ் இல்லன்னு உனுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எங்கள் தொழிலில் மறதிக்கு மன்னிப்பு உண்டு. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள், அண்ணன் அப்படிச் சொல்லிவிட வேண்டுமே என்று அவள் கண் என்னைக் கெஞ்சியது.

"இருந்துச்சி," என்றேன்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. நர்ஸ் உள்ளே வந்தாள். வீட்டு ஆள் ஒருத்தர் மட்டும் இருக்கலாம், இவர் பேஷண்ட்டுக்கு யார் என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

கல்பனா புருஷனின் போர்வையை இழுத்துவிட்டபடி, "கேவு நா," என்றாள். யாரும் இல்லை.

நர்ஸ் எனக்குக் கதவைக் காட்டினாள்.