வைக்கப்பட்டது

சனிக்கிழமைகளில் பள்ளி அரை நாள். வீட்டுக்குப் போகும் வழியில் நோரா டீச்சர் காக்ஸ் டவுனில் சிரில் நடத்தும் வாடகை நூலகத்துக்குள் நுழைந்து, தமிழ் அலமாரியில் ‘ஏழாம் மதகு’ இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம். இருந்தால் எடுத்துப் பக்க ஓரங்களை மட்டும் படிப்பாள். பென்சிலால் கருத்து எழுதலாம், பேனா கூடாது என்பது சிரிலின் விதி.

அட்டையில் ஆசிரியர் பெயர் ‘என். எஸ்.’ என்று மட்டும் இருந்தது. நோரா சாமுவேல்தான் அது என்று அவள் சிரிலிடம்கூடச் சொன்னதில்லை. சர்ச்சுக்குப் போகிற பெண் அம்மன் கதை எழுதினால் கதையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்று நினைத்தாள். ஓரங்களில் எழுதியவர்கள் எல்லாம் அவளை ‘சார்’ ஆக்கியிருந்தார்கள்.

‘சார், நாற்பதாம் பக்கத்தில் செத்த குதிரை தொண்ணூறில் புல் தின்கிறது.’

‘தண்ணீர் பேசுமா? எங்கள் குழாயில் வந்தாலே போதும்.’

‘சோழர் காலத்தில் மிளகாய் ஏது? மிளகாய் பிறகு வந்தது. கவனிக்கவும்.’ கடைசிக் குறிப்பு அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்தில் இருந்தது. படித்த அன்று நோராவுக்குக் காது சுட்டது. பதினோரு வருடம் எழுதிய நாவல். மிளகாய் அவள் கண்ணில் படவேயில்லை.

ஆனால் சண்டை முழுக்கக் கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான். சோழ நாட்டின் வட எல்லையில் ஒரு படைத்தலைவன் ஏரி வெட்டுகிறான். கரை நிற்கவில்லை. தண்ணீர் உயிர் கேட்கிறது என்கிறார்கள் பூசாரிகள். கரை கட்டும் தலைமைக் கொத்தனின் இளைய மருமகள் நங்கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாலை போட்டு மதகில் நிறுத்துகிறார்கள். அப்போது தண்ணீர் அவளிடம், ‘நான் யாரையும் கேட்கவில்லை’ என்கிறது. நங்கை மாலையைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, மண் வெட்டுகிறவர்களின் வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள்.

பதிப்பகத்துக்குப் பதினேழு கண்டனக் கடிதங்கள் வந்திருந்தன. ஒருவர் உறைக்குள் வேப்பிலை வைத்து அனுப்பியிருந்தார். பதிப்பாளர் வியாழக்கிழமை நோராவுக்கு எழுதினார்: ‘இரண்டாம் பதிப்புக்குக் கிராக்கி இருக்கிறது. ஆனால் இந்த முடிவோடு போட முடியாது. நங்கை ஏரிக்குப் பலியாக்கப்பட்டாள் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். திங்கட்கிழமை உங்கள் பதில் தபாலில் சேரட்டும். இல்லையென்றால் புத்தகம் இத்துடன் நின்றுவிடும்.’

இரண்டு வரிதானே என்று நோராவும் நினைத்துப் பார்த்தாள். வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதியும் விட்டாள். அந்தத் தாள் இப்போது கைப்பையில் இருந்தது. இரண்டு வரிகளும் எந்த இடத்தில் உட்காரும் என்று பார்க்கத்தான் அன்று புத்தகத்தை எடுத்தாள்.

கடைசி அத்தியாயம் இல்லை.

கிழிக்கவில்லை, வெட்டியிருந்தார்கள். முதுகுத் தையலிலிருந்து கால் அங்குலம் விட்டு, நூல் பிடித்தாற்போல நேராக. அந்த இடத்தில் கோடு போட்ட தாள்கள் நான்கு தைக்கப்பட்டிருந்தன. பக்க எண்கள் தொடர்ந்தன. மிளகாயைக் கண்டுபிடித்த அதே கையெழுத்து.

‘அவள் பாதம் பட்டதும் தண்ணீர் ஓர் அடி பின்வாங்கி, பிறகு திரும்பி வந்தது. சுற்றிலும் கல் அடுக்கப்பட்டது. தீபம் காட்டப்பட்டது. கடைசிக் கல் வைக்கப்பட்டது. கரை நின்றது.’

முதல் வாக்கியம் நன்றாக இருந்தது. தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று ஒரு கணம் பொறாமைப்பட்டாள் நோரா. பிறகுதான் கோபம் வந்தது.

“சிரில், இதப் பார்த்தியா?”

சிரில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். “அய்யய்யோ, நெஜமாவே பார்க்கலக்கா. ஒரு மாசமா இப்படியேதான் போயிட்டு வந்திருக்கு போல. ரெண்டு பேரு முடிவு சூப்பர்னு வேற சொன்னாங்க.” பதிவேட்டில் விரலை ஓட்டி, அதே கையெழுத்தில் நிறுத்தினான். “வெங்கடசாமி. பீன்யாவுல ஒரு ஃபேக்டரியில டூல் ரூம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இப்ப வர்ற நேரம்தான்.”

கால் மணி நேரத்தில் வெங்கடசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பின்னால் அவருடைய மருமகள் யசோதா, தோளில் டிபன் பையோடு. பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. கம்பெனி வேனில் வந்து இறங்கி, மாமனாரோடு வீட்டுக்குப் போகிறவள்.

“இத வெட்டினது யாரு சார்?” என்றாள் நோரா.

“நான்தாம்மா. ஸ்டீல் ஸ்கேல் வெச்சு வெட்டினேன். பிசிறு இருக்குதா பாருங்க.”

“பெரியவரே, இது லைப்ரரி புக்கு!” என்றான் சிரில். “பென்சில்ல எழுதலாம்னுதான சொன்னேன். ஆபரேஷன் பண்ணுங்கன்னா சொன்னேன்?”

“புதுசு வாங்கித் தரேன்ப்பா. ஆனா அதையும் வெட்டிட்டுத்தான் தருவேன்.”

“எதுக்கு சார்?” நோராவின் குரல் உயர்ந்தது. “பிடிக்கலைன்னா மூடி வெச்சுட்டுப் போங்க. அடுத்தவங்க படிக்கிறத வெட்ட நீங்க யாரு?”

வெங்கடசாமி அவளை நிதானமாகப் பார்த்தார். “கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர் ஏரியிலயும் இதே கதைதாம்மா. எங்க வீட்டு மருமக. எங்களுக்குக் குலசாமி. தை மாசம் தவறாம புடவை வெச்சுக் கும்பிடறோம். இந்த ஆளு அவ வண்டியேறிப் போயிட்டான்னு எழுதறான். போயிட்டான்னா, இத்தன தலைமுறையா நாங்க யாருக்குப் புடவை வெச்சோம்? நீங்களே சொல்லுங்க.”

பதினேழு கடிதங்களிலும் இல்லாத கேள்வி அது.

யசோதா குறுக்கிட்டாள். “மாமா, நீங்க எழுதுனதுல எனக்கு ஒரு சந்தேகம்.”

“வீட்ல போய்க் கேளு.”

“இங்கயே கேக்கறேன் மாமா. கடைசிக் கல் வைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாரு வெச்சாங்க?”

“யாரு வெச்சா என்ன? ஊரு வெச்சது.”

“ஊருக்குக் கையா இருக்குது? கொத்தனாருன்னா கதைல அவளோட மாமனாருதான? அடுக்கப்பட்டது, காட்டப்பட்டது, வைக்கப்பட்டது. ஒரு எடத்துலகூட ஆள் பேரு இல்ல. ஒரு மில்லி பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. இது எப்படி விட்டுப் போச்சு?”

சிரில் பதிவேட்டில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான். வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“விட்டுப் போகல. மூணு தடவை எழுதினேன். மாமனார் வெச்சாருன்னு எழுதுவேன். அடுத்த வரி வராது. அழிச்சிடுவேன்.”

யசோதா டிபன் பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். வெட்டப்பட்ட கடைசி அத்தியாயம்.

“அடுப்புல போடச் சொன்னேனே!”

“போடல மாமா. எங்க தையல் லைன்ல நாப்பது பேரு படிச்சிட்டாங்க. தமிழ் தெரியாதவங்களுக்கு சாப்பாட்டு நேரத்துல கன்னடத்துல சொன்னேன்.”

நோரா தாள்களைப் புரட்டினாள். மெஷின் எண்ணெய், துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் தூள், ஒரு மூலையில் சாம்பார். கடைசிப் பக்கத்தில், நங்கை வண்டியில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், தமிழிலும் கன்னடத்திலும் பெயர்கள். வேறு கருத்து எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். கீழே ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: ‘இவ எந்த ஊருக்குப் போனா? எனக்கும் சொல்லுங்க.’

நோரா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சொன்னாள்: “நான்தான் என். எஸ்.”

சிரிலின் கையிலிருந்து பேனா விழுந்தது. “அக்கா! மூணு வருஷமா உங்க புக்குக்கு உங்ககிட்டயே வாடக வாங்கியிருக்கேனே!”

வெங்கடசாமியின் பார்வை அவள் சங்கிலியில் தொங்கிய சிலுவையில் நின்றது. “நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க சாமியப் பத்தி எழுத உங்களுக்கு என்ன இருக்குது?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். கேட்டுவிட்டார். கேட்டபின் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

“எங்க வேதத்துலயும் ஒரு பொண்ணு இருக்கா சார். போர்ல ஜெயிச்சா பலி தரேன்னு அப்பா நேர்ந்துக்கறாரு, கடைசில அவளையே குடுத்துடறாரு. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல இந்தக் கதைய சொன்னப்போ, அவ பேரு என்னன்னு கேட்டேன். பேரு எழுதல, உக்காருன்னாங்க. அன்னிக்கு உக்காந்தவதான். இந்தப் புஸ்தகத்துலதான் எழுந்திரிச்சேன்.”

வெங்கடசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எங்க அம்மனுக்கும் பேரு இல்ல. ஏரிக்கரையம்மான்னுதான் சொல்லுவோம்” என்றார். உடனே நிமிர்ந்தார். “அதுக்காக நீங்க எழுதினது சரின்னு ஆயிடாது. முடிவு தப்பு.”

“தப்புன்னு ஓரத்துல எழுதுங்க. பென்சில்ல. எத்தன தடவ வேணும்னாலும் எழுதுங்க. வெட்டக் கூடாது.”

“எழுதுவேன். ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதுவேன்.”

“நானும் எடுத்துப் படிப்பேன்.”

யசோதா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரில் கோந்து பாட்டிலை எடுத்து வந்தான். வெட்டிய தாள்களை அதே இடத்தில் ஒட்டியது வெங்கடசாமிதான். மற்றவர்கள் ஒட்டினால் கோணலாகிவிடும் என்று அவரே பிடுங்கிக்கொண்டார். அவர் எழுதிய நான்கு தாள்களையும் பின்னால் விட்டுவைக்கச் சொன்னாள் நோரா. ஏன் என்று அவர் கேட்டதற்கு, “அந்த முதல் வாக்கியத்துக்காக” என்றாள்.

கோந்து காய்வதற்குள் அவள் கைப்பையிலிருந்து அந்த வருகைப் பதிவுத் தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். சிரிலிடம் ஓர் இன்லேண்ட் கடிதம் வாங்கி, நின்றுகொண்டே எழுதினாள்.

‘ஐயா, இரண்டாம் பதிப்புக்கு இரண்டு திருத்தங்கள். ஒன்று, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மிளகாய் என்பதை மிளகு என்று மாற்றவும். இரண்டு, அட்டையில் என். எஸ். என்பதை நோரா சாமுவேல் என்று மாற்றவும். நங்கை போனது போனதுதான். இப்படியே போடுவதானால் போடுங்கள். முடியாதென்றால் கைப்பிரதியைத் திருப்பி அனுப்புங்கள். இந்த ஊரில் ஜெராக்ஸ் கடைகள் நிறைய இருக்கின்றன, படிக்க ஆளும் இருக்கிறது.’

கடிதத்தை மடித்து ஒட்டும்போது வெங்கடசாமி எட்டிப் பார்த்தார்.

“குதிரையையும் சரி பண்ணச் சொல்லுங்க” என்றார். “நாப்பதுல செத்துருச்சு.”