குளக்கரைக்குப் போன அம்மி

சிற்றம்பலம் தபாலட்டையில் நாலு வரிக்கு மேல் எழுதமாட்டார். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கிளாக்கராக இருந்து பழகிய கை, எழுத்தை வீணாக்காது. ஆனால் அந்த நாலு வரிக்குள் தம்பி குடும்பத்தை ஒரு கிழமைக்கு நாயாக அலைய வைக்கும் சங்கதி எப்படியும் இருக்கும். அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம் வந்த அட்டை இப்படி முடிந்திருந்தது: "பள்ளிக்கூட விடுதலைக்கு வருகிறோம். இம்முறை உங்கள் வீட்டில் தங்க உத்தேசமில்லை. இரணைமடுக் குளக்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவோம். ஆயத்தம் செய்யவும்."

இராசமலர் இரண்டு தரம் வாசித்துவிட்டு அட்டையைப் புருசனிடம் நீட்டினாள்.

"கொண்ணர் எங்கடை வீட்டிலை தங்கமாட்டாராம். மரத்துக்குக் கீழை படுக்கப் போறாராம்."

செல்வநாயகத்துக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "அண்ணை எப்பவும் ஏதாவது புதுமை செய்வார்."

புதுமை! ஐம்பத்துமூன்றில் வட்டக்கச்சிக் குடியேற்றக் கொலனியில் காணி கிடைத்து வந்து இறங்கியபோது, வீடு எழும்பும் வரைக்கும் ஐந்து மாதம் பாலைமரத்தடியில் கிடந்தவள் இராசமலர். நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தகரம் தட்டி யானை கலைத்தவள். அதற்கு அப்போது ஒருவரும் விடுதலை என்று பெயர் வைக்கவில்லை. இப்போது ஓடு போட்ட வீடு இருக்கிறது, கட்டின கிணறு இருக்கிறது, புகை போக வழியுள்ள குசினி இருக்கிறது. அவ்வளவையும் பூட்டிவிட்டு மூன்று கட்டை தூரம் போய்க் காற்றுக்குள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட வேண்டுமாம்.

வேறொரு வருடமென்றால் நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இந்த வருடம் வாயைப் பொத்திக்கொண்டாள். காரணம் அருந்ததி. அவளுடைய ஒரே மகள். கொலனிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. எட்டை வகுப்பில் முதலாம் பிள்ளையாக முடிக்கப் போகிறாள், அதற்குப் பிறகு வயலும் அடுப்பும்தான். "இந்தப் பிள்ளையை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று தலைமை வாத்தியார் சைக்கிளில் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். சிற்றம்பலத்தின் வீடு கொக்குவிலில். படலையைத் திறந்தால் பெட்டைப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அவர்கள் ஒரு வார்த்தை ஓம் என்றால் தை மாதமே அருந்ததி அங்கே நின்று படிக்கலாம். அந்த ஓமுக்காக இராசமலர் மரத்தடியில் அல்ல, மரத்தின் மேலேயே சமைக்கத் தயாராக இருந்தாள்.

மூன்று கிழமையாக மகளுக்கு ஒரே பாடம்தான்.

"பெரியம்மா கேக்க முன்னம் நீ செய்யவேணும். தேத்தண்ணிக் கோப்பை வெறுமையாக் கிடந்தால் எடுத்துக் கழுவு. பெரியம்மான்ரை சிவனேஸ்வரியோடை விளையாடப் போயிடாதை. பெரியப்பாவும் பெரியம்மாவும் உன்னைப் பாத்து நல்ல பிள்ளை எண்டு சொல்லவேணும்."

"ஓம் அம்மா," என்பாள் அருந்ததி. சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. இராசமலருக்கு அதில் பெருமையென்றால் பெருமை.

வண்டிலில் ஏற்ற வேண்டியதை ஏற்றியபோது, வீட்டில் என்ன மிச்சம் என்று எண்ணுவதுதான் இலகுவாயிருந்தது. அரிசி, மா, தேங்காய், இடியப்ப உரல், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, மூன்று பானை, இரண்டு பாய்க்கட்டு, சிற்றம்பலம் சாய்ந்திருக்க ஒரு சாய்வு கதிரை. கடைசியாக அம்மியும் குழவியும். சிற்றம்பலம் அத்தானுக்கு அம்மியில் அரைத்த சம்பல்தான் இறங்கும், உரலில் இடித்தது நெஞ்சுக்குள் நிற்கும். இயற்கையோடு வாழ வருகிறவருக்கு அம்மி இல்லாத இயற்கை ஒத்துவராது. செல்வநாயகம் அம்மியைத் தூக்கி வைத்தபோது வண்டில் ஒருபக்கம் சாய்ந்தது. மாடுகள் திரும்பிப் பார்த்தன. மாட்டுக்குத் தெரிந்தது மனிசனுக்குத் தெரியவில்லை என்று இராசமலர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விருந்தாளிகள் கிளிநொச்சி ஸ்டேசனில் கோச்சியால் இறங்கினார்கள். சிற்றம்பலம், மனைவி ஜெகதீஸ்வரி, அருந்ததியின் வயதுள்ள மகள் சிவனேஸ்வரி. ஆருக்கோ தெரிந்த சாரணர் மாஸ்டரிடம் இரவலாக வாங்கிய கூடாரம் ஒன்று சாக்கில் சுற்றி வந்தது. அதில் பாச்சை உருண்டையும் எலி மூத்திரமும் சேர்ந்து மணத்தன.

கூடாரம் அடித்த கதையைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. சோளகக் காற்று அந்த மாதத்தில் குளக்கரையில் எப்படி அடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிற்றம்பலம் கையில் ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு "வலது முளை, இடது முளை" என்று கட்டளையிட்டார். செல்வநாயகம் முளையை அறைந்தார். காற்று பிடுங்கியது. திரும்ப அறைந்தார், திரும்பப் பிடுங்கியது. நாலாந்தரம் கூடாரம் எழும்பிப் பறந்துபோய் ஒரு மருதமரத்தில் தொங்கியது.

"இந்த மண் சரியில்லை, தம்பி," என்றார் சிற்றம்பலம்.

"ஓம் அண்ணை, மண் சரியில்லை," என்றார் செல்வநாயகம். ஒன்பது வருடமாக அதே மண்ணைக் கொத்தித் தின்கிற மனிசன்!

கடைசியில் வண்டிலுக்கும் மரத்துக்கும் கயிறு இழுத்து, மேலே படங்குச் சாக்கைப் போட்டு, நாலு பக்கமும் குழை கட்டி ஒரு மறைப்புச் செய்தவள் இராசமலர்தான். அதற்குள் புகுந்து சாய்வு கதிரையில் சரிந்துகொண்டு, "ஆகா, என்ன காத்து! நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றார் அத்தான். இராசமலர் மூன்று தரம் ஊதியும் பிடிக்காத அடுப்பை நாலாந்தரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை விசயத்தைக் கதைச்சனீங்களே?" என்று அன்றைக்குப் புருசனை ஒதுக்குப்புறமாக மறித்தாள்.

"அண்ணை இப்பதானே களைச்சு வந்திருக்கிறார்."

மத்தியானம் கேட்டாள். அண்ணை சாப்பிடுகிறாராம். பின்னேரம் கேட்டாள். அண்ணை நித்திரையாம். அடுத்த நாள் காலை கேட்டாள். அண்ணை குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், குழப்பக்கூடாதாம். தமையனுக்கு முன்னால் செல்வநாயகத்தின் வாயைத் திறக்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அருந்ததியோ ஓடி ஓடி வேலை செய்தாள். விடிய எழும்பித் தண்ணீர் அள்ளினாள், இடியப்பம் பிழிந்தாள், பெரியப்பாவின் சால்வையைத் தோய்த்துப் பற்றையில் விரித்தாள். சிவனேஸ்வரி கரையில் குந்தியிருந்து பாலைப்பழம் தின்றாள். பால் ஒட்டி உதடு இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டதென்று ஒரு குழறல். அதற்கும் அருந்ததிதான் தேங்காயெண்ணெயோடு ஓடினாள். இரண்டு நாளாகப் பிள்ளை தண்ணீர் அள்ளக் குனிந்ததைத் தவிரக் குளத்தில் கால் வைக்கவில்லை. இராசமலர் அதைக் கண்டும் பேசாமல் இருந்தாள். இன்னும் ஒருநாள்தானே.

மூன்றாம் நாள் காலை, சாப்பிட்டு முடித்த கையோடு சிற்றம்பலத்துக்குப் பழைய ஞாபகங்கள் பொங்கின.

"எண்டாலும் தம்பி, முந்தின வருசம் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனமே, அதுக்கு ஈடில்லை. அந்தத் திருக்கைப் பால்கறி இப்பவும் நாக்கிலை நிக்குது."

இராசமலரின் நாக்கில் நின்றது மணல். சட்டியில், அரிசியில், கறியில், பாயில், எங்கும் மணல். இருட்டும்வரை அவள் அரிசி அரித்தாள்.

"முத்தையன்கட்டிலை தேன் எடுத்தம், ஞாபகமே?" என்றாள் ஜெகதீஸ்வரி. "எவ்வளவு சந்தோசம்!"

தேனை இவர்கள் எடுத்தார்கள். தேனீ கொட்டியது செல்வநாயகத்துக்கு. கண் இரண்டும் வீங்கிப்போன மனிசனை வண்டிலில் படுக்க வைத்துவிட்டு, பத்துக் கட்டை தூரம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவள் இராசமலர். ஒரே இடம், ஒரே நாள். அவர்களுக்கு ஞாபகத்தில் இருக்கிறதெல்லாம் வாயில் போட்டது. இவளுக்கு இருக்கிறதெல்லாம் கையால் செய்தது.

"மாங்குளத்துக் காட்டுக்குள்ளை—" என்று சிற்றம்பலம் தொடங்கியபோது இராசமலர் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். செல்வநாயகம் தொண்டையைச் செருமினார். பிறகு, ஆச்சரியம், வாயைத் திறந்தார்.

"அண்ணை, அருந்ததியின்ரை படிப்பு... இஞ்சை எட்டோடை முடியுது. உங்கடை வீட்டிலை நிண்டு படிச்சால்..."

"அதுக்கென்ன, தாராளமா விடுங்கோ!" முந்திக்கொண்டு சொன்னவள் ஜெகதீஸ்வரி. "நானே உங்களிட்டைக் கேக்கவேணுமெண்டு இருந்தனான்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நின்றது. இராசமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று நாள் புகையும் முல்லைத்தீவு மணலும் அந்த ஒரு சொல்லில் பறந்துபோயின. போத்தலில் மிஞ்சிக் கிடந்த நல்ல பாலையெல்லாம் ஊற்றி ஜெகதீஸ்வரிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

ஜெகதீஸ்வரி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள். "எங்கடை வீட்டிலை வேலைக்கு நிண்ட பெட்டை வைகாசியோடை போயிட்டாள், மலர். அதுக்குப் பிறகு நான் படுற பாடு ஆருக்குத் தெரியும்? அருந்ததி எண்டால் சொல்லாமலே எல்லாம் செய்யுது. மூண்டு நாளா நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அரைக்கிறதென்ன, பிழியிறதென்ன! காலமைச் சமையலை முடிச்சுப்போட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும். வீட்டுக்கு ஆரும் வாற நாளிலை மட்டும் பள்ளிக்கூடம் போகாமல் நிண்டால் போதும்."

"பெட்டைப்பிள்ளைக்கு அதுதான் நல்லது," என்றார் சிற்றம்பலம். "எழுத்தும் படிச்சமாதிரி, வேலையும் பழகினமாதிரி."

"இந்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டன் அண்ணை," என்றார் செல்வநாயகம். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகம் அவருக்கு.

இராசமலர் அடுப்படியில் அப்படியே இருந்தாள். முதலில் காதில் விழுந்தது, பிறகுதான் நெஞ்சில் விழுந்தது. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தன் தலையைத் தானே சொறிந்திருக்கிறாள். இதை அவர்களாகவா நினைத்தார்கள்? மூன்று நாளாகச் சந்தையில் நாம்பன் மாட்டை நடத்திக் காட்டுவதுபோல, இந்தப் பிள்ளை இவ்வளவு இழுக்கும், இவ்வளவு சுமக்கும் என்று நடத்திக் காட்டியவள் அவளல்லவா? நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டும் என்றாள். சொல்லிவிட்டார்கள்.

"சிவனேஸ்வரி காலமை எத்தினை மணிக்கு எழும்பும் அக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அவளோ? அவளுக்குப் படிப்பிருக்கெல்லே. நித்திரையைக் குழப்புறதில்லை."

அவ்வளவுதான். இராசமலர் எழும்பினாள். மரத்தடியில் அருந்ததி குனிந்து மத்தியானச் சம்பலுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். எட்டடி தூரம்தான். எல்லாம் கேட்டிருக்கும். இராசமலர் அவளுடைய கையிலிருந்து குழவியைப் பிடுங்கினாள்.

"எழும்பு. போய்க் குளி."

"சம்பல் இன்னும் அரைபடேல்லை அம்மா."

"கிடக்கட்டும்." குழவியோடு திரும்பினாள். "அக்கா, அருந்ததி உங்கடை வீட்டுக்கு வரமாட்டாள்."

ஜெகதீஸ்வரியின் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. "நாங்கள் இப்ப என்ன சொல்லிப்போட்டம்?"

"உனக்கென்ன விசரே?" செல்வநாயகம் பாய்ந்து எழும்பினார். "அண்ணை ஓமெண்டிட்டாரப்பா!"

"அவர் ஓமெண்டது பள்ளிக்கூடத்துக்கில்லை. குசினிக்கு."

"பின்னை எங்கை படிக்கப்போறாள்? காட்டுக்குள்ளையோ?"

"பள்ளிக்கூடத்துப் போடிங்கிலை தங்கி."

"போடிங்கிலை! எதைக் குடுத்து?"

மூன்று நாளாக, இல்லை, ஒன்பது வருடமாக அடக்கி வைத்த வாய் திறந்தது. "ஒவ்வொரு முறையும் இவை போகேக்கை கோச்சியிலை ஏத்தி விடுறியளே, அரிசி மூட்டை, நெய், தேன், உழுந்து. அதைக் குடுத்து. நீங்கள் ஏத்தினமாதிரியே ஏத்துங்கோ. இறங்கிற இடந்தான் இனி வேறை."

சிற்றம்பலம் குளத்தைப் பார்த்தார். இந்தத் தரம் அவரைக் குழப்பக்கூடாதென்று சொல்ல ஆளில்லை. செல்வநாயகம் தமையனின் முகத்தையும் பெண்சாதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எதிலும் இடம் கிடைக்காமல் மாடுகளைப் பார்த்தார்.

அருந்ததி எழும்பிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் பெரியம்மாவின் மடியில் இருந்த கோப்பைக்குப் போயிற்று.

"அம்மா, பெரியம்மான்ரை கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போகட்டே?"

ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை தானாகவே சொல்கிறது. எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, தாய் மூன்று கிழமையில் படிப்பித்தது நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

"போ எண்டால் போ!"

அருந்ததி போனாள். கரையோரம் செருப்பைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தாள். கணுக்கால் தண்ணீரில் நின்றாள். பிறகு முழங்கால் தண்ணீர். அங்கே நின்று, அம்மா கூப்பிடுகிறாளோ, பெரியம்மா கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். இராசமலருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. குழவியைக் கையில் பிடித்தபடியே கரைவரைக்கும் ஓடினாள்.

"திரும்பிப் பாராதை!" என்று கத்தினாள். "உன்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை!"