மூன்றடி நடை

"தலைப்பக்கம் முதல்ல வரட்டும்! கால்பக்கம் இல்ல, தலைப்பக்கம்!" என்று முன்னால் பிடித்திருந்தவர் கத்தினார். மேஸ்திரியின் உடம்பைப் பின்னறையிலிருந்து கட்டிலோடு தூக்கியவர்கள், அறை வாசலைத் தாண்டியதும் பாசேஜில் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். பாசேஜின் அகலம் மூன்றடி. கட்டிலின் அகலமும் ஏறக்குறைய அதேதான். இரண்டு பக்கமும் சுவர் இடிக்க, தூக்கி வந்த நாலு பேருக்கும் கை வைக்கக்கூட இடமில்லை.

"ஊருக்கெல்லாம் வீடு கட்டினவரு, தன் வீட்டுல போய் இப்படிக் கட்டி வச்சிருக்காரே" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கட்டிலைப் பின்னாலேயே இறக்குங்க. போர்வையோட அப்பாவை மட்டும் எடுத்துக்கலாம்" என்றாள் மகள். பாசேஜில் கிடந்த பாயையும் தகரப் பெட்டியையும் சின்ன மின்விசிறியையும் அம்மா யாரும் சொல்லாமலே அப்புறப்படுத்தியிருந்தாள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கால்மாட்டில் மகள் என்று ஒற்றை வரிசையாக நகர்ந்தார்கள். சுவரில் முழங்கை உரசி அவளுக்குத் தோல் வழன்றது. அதை முன்கூடத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தாள்.

மேஸ்திரி இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு, மகளின் தோளில் சாய்ந்து நடந்துகொண்டிருந்தபோதே போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்த சாவு என்றார்கள். படுக்கையில் புரளாமல், பெற்ற பெண்ணின் கையில் போனாரே என்றார்கள். நான்தான் கொன்றுவிட்டேனோ என்ற கேள்வி அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அதை யாரிடம் கேட்பது?

பத்தொன்பது நாளுக்கு முன்னால் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே, வாயைக் கோணிக்கொண்டு, தலையால் தண்ணீர் குடித்து, ஒரு சொல்லை வெளியே தள்ளினார். "நடை."

அதற்குப் பிறகும் அந்த ஒரு சொல்தான். பசித்தால் வாயைக் காட்டுவார். தாகம் என்றால் இடது கைக் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோவார். போர்வை வேண்டாம் என்றால் உதைத்துத் தள்ளுவார். அதற்கெல்லாம் சைகையே போதும். பேச்சை இதற்கென்றே வைத்திருந்தார்.

மகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எப்படியாவது நடக்க வையுங்க. படுக்கையிலேயே விட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதையே அப்பாவும் கேட்கிறார் என்றால் மனுஷன் எழுந்துவிடுவார் என்று அர்த்தம்! அவள் வேலை செய்வது துணி ஏற்றுமதிக் கம்பெனியில். தைத்து வந்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை. ஒரு நூல் பிசிறு அவள் கண்ணுக்குத் தப்பாது. "எங்க வீட்டுச் செக்கர் அம்மா வந்தாச்சு, எல்லாரும் சட்டையைக் கழட்டிக் காட்டுங்க" என்று அப்பா கேலி செய்வார். அந்தச் செக்கர் அம்மா லீவு போட்டுவிட்டு, புருஷனையும் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கினாள். கண்ணும் கருத்துமாக அவரை நடக்க வைத்தாள்.

ஜன்னலிலிருந்து அறை வாசல் வரைக்கும் ஏழு எட்டு வைக்கிற தூரம். முதல் நாள் ஒரு சுற்றுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. விட்டேனா பார் என்று அவள் மூன்றாக்கினாள், ஐந்தாக்கினாள். "நடை" என்பார். "இதோ நடக்கலாம்பா" என்று தூக்கி நிறுத்துவாள். ஒவ்வொரு சுற்றிலும் வாசலுக்கு வந்ததும் வெளியே இழுப்பார். "பாசேஜ் தரை வழுக்கும்பா, இங்கேயே திரும்பிக்கலாம்" என்று அவரைத் திருப்பிவிடுவாள். அப்போது அவர் அழுவார். கால் வலிக்கிறது போல, அழுதால் அழட்டும், நன்றாக எழுந்த பிறகு சிரிப்பார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, கிண்ணத்தை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்று காலை பதினோராவது சுற்று. வாசலுக்கு வந்ததும் அவர் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நடை" என்றார். "நடை. நடை." விடவே மாட்டேன் என்று பிடித்திருந்தார். கட்டட வேலை பார்த்த கை அது, நோயிலும் வலு குறையவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். பிரித்துத் திருப்பினாள். திரும்பிய இரண்டாவது எட்டில் அவர் கனத்துப்போனார்.

பகல் பன்னிரண்டரைக்கு அப்பாவோடு முப்பது வருஷம் வேலை செய்த கம்பி கட்டுகிறவர் வந்தார். முன்கூடத்தில் மேஸ்திரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கூரையை அண்ணாந்து விரிசல் இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டார். பிறகு மகளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா பாப்பா?"

"பேச்சே இல்ல மாமா. ஒரே ஒரு வார்த்தைதான். நடை, நடைன்னு. நானும் தினமும் நடக்க வச்சேன். பதினோரு சுத்து வரைக்கும் வந்துட்டார்."

கம்பிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "நடைன்னா சொன்னார்? நடக்கணும்னு சொல்லலையே?"

"நடைன்னுதான்."

"அட, அது பாசேஜும்மா."

அவள் அவரையே பார்த்தாள்.

"உங்கப்பாவோட வேலை செஞ்ச யாரை வேணா கேளு. ஒரு தடவை புது இன்ஜினீயர் ஒருத்தர், 'மேஸ்திரி, காரிடார் லெவல் பாத்துட்டீங்களா'ன்னார். இவர் காது கேக்காத மாதிரி நின்னார். அந்த ஆளு பாசேஜுன்னு சொல்லிப் பாத்தார், வராண்டான்னு சொல்லிப் பாத்தார். 'வராண்டான்னா ஒரு பக்கம் வெளி தெரியணும் சார், ரெண்டு பக்கமும் சுவர் இருந்தா அது நடை'ன்னு பாடமே எடுத்துட்டார். கடைசியில இன்ஜினீயர் 'ஐயா, நடை லெவல் பாத்தாச்சா'ன்னு கேட்ட பிறகுதான் மட்டப்பலகையைக் கையில எடுத்தார்." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சாவு வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "மணல் வந்தா 'எத்தனை நடை'ன்னு கேப்பார், அது எண்ணோட வர்ற நடை. காலால நடக்கறதை நடைன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. 'ரெண்டு எட்டு வச்சுட்டு வரேன்'ம்பார். வெறுமனே நடைன்னா அது சுவருக்கு நடுவுல இருக்கறதுதான்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் பேச்சை மாற்றினார். "எதுக்கும், நோயாளி என்ன நினைச்சுச் சொன்னாரோ. மனசுல வச்சுக்காத பாப்பா."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? அவளும் தம்பியும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அதைப் பாசேஜ் என்று சொல்லிப் பழகியவர்கள். தம்பி இப்போது வெளியூர் ஆபீசில் காரிடார் என்கிறான். இந்த வீட்டில் அதை நடை என்று சொல்வது இரண்டே பேர். ஒருவர் எதிரே வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். இன்னொருத்தி அம்மா. நடையில லைட்டைப் போடு, நடையில தண்ணி சிந்தியிருக்கு, பாத்துப் போ என்று முப்பத்தெட்டு வருஷமாகக் காதில் விழுந்த பேச்சுத்தான். கேட்டுக் கேட்டு அது காதில் ஏறாமலே போயிருந்தது.

அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. அந்தப் பதினான்கு நாளும் அம்மா அறை வாசலில்தானே நின்றிருந்தாள்!

தம்பி வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அவனுக்காக மூன்று மணி வரை காத்திருந்தார்கள். அதற்குமேல் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னதால் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஐந்தாகிவிட்டது. உறவுக்காரர்கள் முன்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அம்மா அடுப்படியில் வந்தவர்களுக்குக் கொடுத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அம்மா, அப்பா நடைன்னு சொன்னது பாசேஜையா?"

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

மகள் அரிசி டின்மேல் உட்கார்ந்தாள். "அங்க படுக்கணும்னு கேட்டாரா?"

"கட்டில் அங்க போகாது. நீயே காலையில பாத்தியே."

"பாயைப் போட்டுப் படுக்க வச்சிருக்கலாமேம்மா."

"அது என் பாய்" என்றாள் அம்மா.

இதைச் சொன்னபோது அம்மாவின் குரல் உயரவில்லை. அடுத்த டம்ளரை எடுத்தாள், அது ஏற்கெனவே கழுவியது. திரும்ப ஒரு தடவை கழுவினாள்.

"உனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. என் அக்கா ரெண்டு நாள் வந்து தங்கறேன்னு சொல்லியனுப்பினா. அவரைக் கேக்காம நான் சரின்னுட்டேன். அன்னைக்கு இங்க அவரோட வேலைக்காரங்க நாலு பேர் உக்காந்திருந்தாங்க. அவங்களை வச்சுக்கிட்டு, 'இது நான் கட்டின வீடு. இதுல உனக்கு எந்த இடம் இருக்குன்னு ஆளைக் கூப்பிடறே'ன்னார். நான் பதில் பேசல. பாயை எடுத்துக்கிட்டு நடைக்கு வந்துட்டேன். நடை யாருக்கும் சொந்தம் இல்ல, எவனும் அதைத் தன்னோடதுன்னு சொல்ல முடியாதுன்னு அவர்தானே போற இடமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவார். சரி, அப்ப அது எனக்கு இருக்கட்டும்னு படுத்தேன்."

"காத்து வரும், அதான் அங்க படுக்கறேன்னு எங்ககிட்ட சொன்னியேம்மா."

"காத்தா?" அம்மா முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "மூணடி இடுக்குல என்னடி காத்து வரும்?"

முன்கூடத்தில் யாரோ இருமினார்கள். அம்மா கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இருபத்தாறு வருஷம். தண்ணி குடிக்க எந்திரிச்சா என்னைத் தாண்டித்தான் போவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நின்னு, 'உள்ள வா'ன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். ரோஷம் அவ்வளவுதான் இருந்துச்சு எனக்கு. அவர் சொல்லல. வாய் இருந்தவரைக்கும் சொல்லல. வாய் போன பிறகு நடை, நடைன்னா நான் அதை என்னன்னு எடுத்துக்கறது? என்னை உள்ள கூப்பிடறாரா, இல்ல தானும் அங்க வந்து படுக்கணும்ங்கறாரா? எதுவா இருந்தாலும் இனிமே எனக்கு வேணாம்னு ஆயிடுச்சு."

"நான் இழுத்து இழுத்து நடக்க வச்சேனேம்மா. அழுதாரே. நீ பாத்துக்கிட்டுத்தானே நின்னே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"எப்பவாவது சொல்லணும்னு நினைச்சியா? நாளைக்குச் சொல்லலாம், நாளன்னைக்குச் சொல்லலாம்னாவது?"

அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். விரல் விரலாகத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"இல்ல" என்றாள்.

மகளுக்கு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. காலில் விழுந்து கதற வேண்டும் போலவும் இருந்தது. நான் கொல்லவில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காலையிலிருந்து தவித்தவளுக்குப் பாரம் இறங்கவில்லை, இரட்டிப்பாகிவிட்டது. விரலைப் பிரித்தது அவள்தான். அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

ஏழு மணிக்குத் தம்பி வந்து சேர்ந்தான். அப்பா இல்லாத முன்கூடத்தில், அவரைக் கிடத்தியிருந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். அழுது முடித்ததும் அம்மா மூவருக்கும் தட்டு வைத்தாள். உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள்.

தம்பி சோற்றில் கை வைக்கவில்லை. "அக்கா, அப்பா கடைசியா ஏதாவது கேட்டாரா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சொல்ல எல்லாம் இருந்தது. சொன்னால் இவன் இன்றோடு அம்மாவை விட்டுவிடுவான். இவன் குணம் அவளுக்குத் தெரியும், அப்பாவின் அச்சு.

"நடக்கணும்னு கேட்டார்டா" என்றாள்.

"நடந்தாரா?"

"நான் நடக்க வச்சேன். தினமும்."

"போதும்க்கா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் பாவி, கிட்ட இல்ல. நீயாவது அவர் கேட்டதைக் கொடுத்தியே. அந்த நிம்மதியோட போயிருப்பார்."

"ம்" என்றாள் அவள்.

அம்மா அவன் தட்டில் சோறு போட்டாள். போதும் என்று அவன் கை காட்டிய பிறகும் இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"நீயும் வந்து உக்காரு. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீ" என்றாள்.

மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு, தம்பிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.