பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சைக்கிள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது முதலில் கதை இல்லை, மனு. "ஐயா, பொருள்: திருத்தணி பாவடித் தெருவில் பேருந்துகள் புகுந்து செல்வதால் நடப்போரும் சைக்கிளில் போவோரும் சாக்கடையில் விழுவது தொடர்பாக" என்று ஓரம் விட்டு, பத்தி பிரித்து, நல்ல தாளில் எழுதி அனுப்பினேன். எந்த அலுவலகத்துக்கு என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

பதில் வரவில்லை. பலகை வந்தது. 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதிய இரும்புப் பலகை. அதைத் தெருவோரத்தில், ஜனங்கள் நடக்க மிச்சமிருந்த ஒரு முழ இடத்தில், குறி பார்த்து நட்டுவிட்டுப் போனார்கள். அன்று முதல் நடப்பவர்கள் பலகையைச் சுற்றிக்கொள்ள நடுத்தெருவுக்கு இறங்க வேண்டியதாயிற்று. பஸ்காரர்கள் மட்டும் அதைப் படிக்கவில்லை. அவ்வளவு வேகத்தில் போகிறவன் எதைத்தான் படிப்பான்?

அடுத்த மனுவுக்கு உட்கார்ந்தபோதுதான் யோசனை வந்தது. மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர் இந்தத் தாலுகாவில் யாருமில்லை. கதைக்கு ஒருவராவது கிடைப்பார். ஆகவே மனுவுக்குள் ஒரு பெண்ணை இறக்கி, அவள் கையில் ஒரு சைக்கிளைக் கொடுத்திருக்கிறேன். 'ஐயா' என்று இருந்த இடத்தில் இனி 'வாசகரே' என்று படித்துக்கொள்ளவும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "தணிகை மலையின் மீது இளங்கதிரவன் பொற்கதிர்களைத் தூவிய அந்த வைகறைப் பொழுதிலே, எழுபதுகளின் இறுதியில் ஒரு நாள்..."

வேண்டாம். இப்படியே போனால் சைக்கிள் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி: வரலட்சுமி சாக்கடையில் விழுந்தாள்.

இது போதும். விழுந்தவள் முதலில் பார்த்தது சைக்கிளை. அடுத்து கேரியரில் கட்டியிருந்த நூல் மூட்டையை. முழங்காலைக் கடைசியாகத்தான் பார்த்தாள். அதற்குள் பஸ் தெருக்கோடியில் திரும்பிவிட்டது. எதிர்வீட்டுத் தாயாரம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாமே, இன்னைக்கும் உள்ளாறவா?"

"நானா போய் வுழுந்தேன்? உரசிக்கினு போறான் பாரு."

"பொம்பள சைக்கிள் உடறதப் பாத்து பஸ்ஸுக்கு கூச்சமா கீது போல. அதான் உன்ன ஒதுக்குது."

"போன மாசம் உன் மாமனாரையும்தான் ஒதுக்கிச்சு. அவரு இன்னா சைக்கிளா உட்டாரு?"

"அவரு நடந்துகினு இருந்தாரு, பாவம்" என்று ஒப்புக்கொண்டாள் தாயாரம்மாள். பிறகு வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

சைக்கிள் வரலட்சுமியின் புருஷன் கோதண்டபாணியுடையது. திருப்பதிப் பக்கமிருந்து வரும் ஜம்புலிங்கம் பஸ், பஜார் நெரிசலுக்குத் தப்பிக்கப் பாவடித் தெருவில் புகுந்து போகப் பழகிய புதிதில், அது அவனைத்தான் முதலில் தட்டியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. புத்தூருக்குக் கட்டுப் போடக் கொண்டுபோனதும் அதே பஸ்தான். டிக்கெட் கேட்கவில்லை. இந்தக் கதையில் பஸ் முதலாளி செய்த தர்மம் இது ஒன்றுதான், குறித்துக்கொள்ளவும்.

கால் சேரும் வரைக்கும் நெசவாளர் சொசைட்டிக்குப் புடவை கொண்டுபோவதும் நூல் கொண்டுவருவதும் வரலட்சுமியின் பாடு. சைக்கிளை அவளே கற்றுக்கொண்டாள், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளை. (அடிக்குறிப்பு: புடவையோடு எப்படி என்று கேட்பீர்கள். கொசுவத்தை இழுத்துப் பின்னால் செருகிக்கொண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும். மேற்கொண்டு விசாரித்ததில் தாயாரம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் பேனாவை மூடிவிட்டேன்.)

சாக்கடைச் சேறோடு உள்ளே வந்தவளைக் கட்டிலில் இருந்தே கோதண்டபாணி பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை ராஜவேலு வந்து பாக்கறேன்னு சொல்லிக்கீறான். சைக்கிள வித்துடலாம்."

"வித்துட்டு?"

"நடந்து போ."

"நடந்தா மட்டும் சாக்கடை வேற தெருவுக்குப் போயிடுமா?"

"நீயும் கால ஒடச்சிக்கினு பக்கத்துல வந்து படுத்தா யாரு கஞ்சி ஊத்துவா? சொல்லு."

அவன் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவள் ஒருவரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. தெரு முடிந்து ஸ்டேஷன் ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன இறக்கம். அங்கே மிதிக்கவே வேண்டாம். காதில் காற்று அடைக்கும். தறி, கட்டில், கஞ்சி, மூட்டை எல்லாம் ஒரு நிமிஷம் பின்னாலேயே நின்றுவிடும். சொசைட்டிக்குப் போவது குடும்ப வேலை. அந்த இறக்கம் அவளுடையது. வெள்ளிக்கிழமை ராஜவேலு வாங்கிக்கொண்டு போகப்போவது அதையும் சேர்த்துத்தான்.

3.

அந்த பஸ்ஸின் டிரைவர் பங்காருவின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. முதல் பிரதியில் அவனைக் குடிகாரனாக எழுதியிருந்தேன். வேகமாகப் போகிறவன் குடித்திருந்தால் வாசகருக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் விசாரித்த வரையில் அவன் குடிப்பது பன்னீர் சோடா மட்டுமே. அதைவிடச் சங்கடம், அவன் வரலட்சுமியின் அக்கா புருஷன். தட்டியதும் அவன்தான், புத்தூருக்குக் கொண்டுபோனதும் அவன்தான், வாரம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அழுகிறவனும் அவன்தான். அழுதுவிட்டு டைமாகிவிட்டது என்று ஓடுவான்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வரலட்சுமி போய் எதிரே நின்றாள்.

"பாவா, எங்க தெருவுல மட்டும் மெதுவா வரக் கூடாதா?"

"மெதுவா வந்தா பின்னாடி வர்றவன் முந்திக்கினு ஸ்டாண்டுல நிக்கற ஜனத்தையெல்லாம் அள்ளிடுவான். மொதலாளி என்னைய எறக்கிட்டு வேற ஆள ஏத்திடுவாரு. அப்பால உங்க அக்காதான் ஸ்டியரிங் புடிக்கணும்."

"அக்கா புடிச்சா ஆளப் பாத்து நிறுத்துவா."

"அவ நிறுத்துன்னா நிக்காத வண்டி எங்க கீது? நானே நின்னுடறேன்."

"அப்ப எதுக்குத்தான் நீயா நிப்ப? மாடு குறுக்க வந்தா?"

"ஆரன் அடிப்பேன்."

"மனுசன் வந்தா?"

"ஆரன் அடிச்சாச்சுன்னா மனுசன்தான் ஒதுங்கணும்."

"பாவு கட்டிக்கினு இருந்தா?"

பங்காரு மெல்லுவதை நிறுத்தினான். "பாவு மேல எவனாச்சும் வண்டி ஏத்துவானா? நெசவுக்காரன் வூட்ல பொறந்தவன்மே நான்."

யோசிக்காமல் சொன்னான். அவள் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

4.

[இந்த இடத்தில் ஒரு கட்டுரை இருந்தது. "ஓர் ஊரின் தெரு யாருக்கு உரியது? வண்டி உள்ளவனுக்கா, கால் உள்ளவனுக்கா? ரோட்டின் அகலத்தை நிர்ணயிப்பவர்கள் முதலில் பஸ்ஸை அளக்கிறார்கள், பிறகு லாரியை அளக்கிறார்கள், மிச்சத்தை மனிதனுக்கு..." என்று இரண்டு பக்கம். என் வீட்டில் படித்துக் காட்டினேன். கேட்டவர்கள் தூங்கிவிட்டார்கள். எடுத்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட நான் வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை.]

5.

பாவு என்பது புடவைக்கு நெடுக ஓடும் நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, பிரஷ்ஷால் வாரி, வெயில் ஏறுமுன் உலர்த்த வேண்டும். பாவடித் தெருவுக்கு அந்தப் பெயரே அதனால்தான். இழுத்துக் கட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், செருப்புக் காலோடு கிட்டே போக மாட்டார்கள். மாட்டைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். ஓர் இழை அறுந்தால் அதைத் தேடி முடிச்சுப் போடுகிற பாடு எல்லா வீட்டுக்கும் தெரியும்.

பாவு எப்போதும் தெருவோரத்தில்தான் நிற்கும். அடுத்த நாள் காலையில் வரலட்சுமி அதை நடுத்தெருவில் நட்டாள். நடுவதற்கு முன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி அளந்து, ஹேண்டில்பாரும் பக்கத்தில் ஒரு ஆளும் போகிற அளவுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டாள். மறுமுனையைப் பிடித்திருந்த தாயாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்மே நடுத்தெருவுல?"

"ஓரத்துலதான் பலகை நட்டுக்கீறாங்களே."

(அடிக்குறிப்பு: அந்தப் பலகையால் கிடைத்த முதல் பிரயோஜனம். மனு எழுதியவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு.)

பஸ் வந்தது. ஆரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு அந்தத் தெரு அதுவரை கேட்காத சத்தம் ஒன்று கேட்டது: பிரேக்.

பங்காரு இறங்கினான். பாவுக்குக் கிட்டே வரும்போது கால் தன்பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டது.

"வரலட்சுமி, எடுமே. டைமாவுது."

"ஈரமா கீது பாவா. எடுத்தா அறுந்துடும். டைம் ஆச்சுன்னா ஏத்திக்கினு போ, நான் இன்னா பண்ணப் போறேன்?"

அவன் பாவைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பஸ் நிறைய மலைக்கு வந்த ஆந்திர ஜனம். முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். எதிரே மஞ்சள் கரையோடு நீளமாக நூல் கட்டியிருக்கிறது. டிரைவர் வெறுங்காலோடு தலைகுனிந்து நிற்கிறான். இனி நடந்துதான் போக வேண்டுமா என்று கண்டக்டரைத் தெலுங்கில் கேட்டார். எரிச்சலில் இருந்த கண்டக்டர், "ஆங், நடங்க, மலை வரைக்கும் நடங்க" என்றான்.

பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அரோகரா" என்றார். பஸ்ஸே இறங்கிவிட்டது. பாவுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று, ஓர் இழையிலும் முந்தானை படாமல், மலையைப் பார்த்து நடந்தார்கள். மறுநாள் வந்தவர்கள் யாரோ சொல்லிக் கேட்டுத் தெருமுனையிலேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பாவு நடுத்தெருவில் நின்றது, அதன்பின் தாயாரம்மாளுடையது. அவள் மாமனார் வாசலை விட்டு இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காரணமில்லாமல் நடந்தார்.

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். அந்தப் பத்தியை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். அடித்தால் அந்த இடத்தில் போலீஸ் வருகிறது, சத்தம் வருகிறது, பிறகு பாவு அறுகிறது. பெரியவர் இறங்குவதே மேல் என்று விட்டுவிட்டேன்.

6.

பஸ் முதலாளி ஜம்புலிங்கத்துக்கு முதலில் பெரிய மீசை வைத்திருந்தேன். பார்த்தால் மழுங்கச் சிரைத்த முகம், வயிற்றுப்புண், கையில் மோர் பாட்டில். கார் தெருவுக்குள் நுழைய முடியாததால் நடந்தே வந்தார். வரலட்சுமி பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"உன்னால இவ்ளோ தூரம் நடந்து வந்தேன்மா."

"எப்படிங்க இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பொய் சொல்ல வராத மனிதர். வில்லனாக வைத்துக்கொள்ள எவ்வளவு கஷ்டம் பாருங்கள். பிறகு மோரை ஒரு வாய் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"ஐப்பசி பொறக்கப் போவுது. மழையில பாவு கட்ட மாட்டீங்க இல்ல?"

"மாட்டோம்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அதே பாதையில் நிதானமாக நடந்து போனார். மிரட்டியிருந்தால்கூடத் தெரு சிரித்திருக்கும்.

7.

வெள்ளிக்கிழமை விடியும்போதே தூறல். பாவெல்லாம் வீட்டுக்குள் சுருண்டுவிட்டது. தெரு காலியாக, ஈரமாக, பஸ்ஸுக்குத் தோதாகக் கிடந்தது. சைக்கிள் கடை ராஜவேலு வந்தான். டயரை அமுக்கினான், பெல்லை அடித்துப் பார்த்தான், பாரைத் தட்டினான். கோதண்டபாணி கட்டுப் போட்ட காலை நீட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"குடுத்துடுமே" என்றான்.

"ஸ்டேஷன் ரோடு வரைக்கும் ஒரு வாட்டி போயிட்டு வரேன். முழுசா திரும்பி வந்தா விக்கக் கூடாது."

"வரலன்னா?"

"வரலன்னா சைக்கிளும்தான் வராது. எத்த விப்ப?"

"அப்ப நான் நாளைக்கு வரட்டுங்களா?" என்றான் ராஜவேலு.

கோதண்டபாணி அவனைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தான். "ஓரத்துல போவாத. ஓரத்துலதான் என்னத் தட்டினான்" என்றான்.

வரலட்சுமி கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஓரத்தில் போகவில்லை. பாவு இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அங்கே, நடுத்தெருவில், நூல் பிடித்தாற்போல நேராக மிதித்தாள். தெருக்கோடியில் ஆரன் கேட்டது.

முடிவு (அ): பங்காரு பிரேக் போடுகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நிற்கிறான். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அடித்துவிட்டேன். அவன் ஏற்கெனவே நிறைய அழுதாயிற்று.

முடிவு (ஆ): அவள் மறுபடியும்

இல்லை. இதை எழுத மாட்டேன்.

முடிவு (இ): அதிகாரிகள் வந்து தெருவின் இரு பக்கமும் நடக்கத் தனி மேடை கட்டி, சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டு, சாக்கடையைக் கல்லால் மூடுகிறார்கள். கேட்டது இதைத்தான். ஆனால் கற்பனைக்கும் ஓர் அளவு உண்டு என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, வாசகரே, மனுவின் கடைசி வரி உங்களிடம் வருகிறது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். அன்று அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்த இடம். கண்ணாடி வழியாக, தூறலில், நடுத்தெருவில் ஒரு பெண்ணின் முகமும் ஹேண்டில்பாரும் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. பங்காருவின் கை ஆரனுக்குப் போவதும் கால் இன்னும் பிரேக்குக்குப் போகாததும் உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நான் தெருவோரத்தில் அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன். சத்தமாக நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணே என்றோ, பாவா என்றோ, டிரைவர் சார் என்றோ, உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிட்டு,