எக்ஸ்ரேக்காரரின் மூன்று வண்டிகள்

கர்ஜனா மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களுக்கு, ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் மீசை முளைத்துவிடும். சவரம் செய்யச் சோம்பல்பட்டு வளர்கிற மீசை அல்ல. சாவியைத் திருகி, எஞ்சின் நான்கு முறை ‘தட் தட்’ என்று அடிப்பதற்குள் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும் முழு மீசை. கூடவே குரல் ஒரு படி இறங்கும், தோள் ஒரு சாண் அகலும், எதிரே வருகிறவருக்கெல்லாம் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றும். பெண்கள் வாங்கினால் மீசை மட்டும் வராது, மற்றதெல்லாம் வரும். வண்டியோடு கொடுக்கும் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில், செயின் எண்ணெய்க்கும் டயர் காற்றுக்கும் நடுவே, ‘மாற்றங்கள் முன்னறிவிப்பின்றி நிகழும்’ என்று அச்சடித்திருந்தார்கள். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் புகார் கொடுக்கவும் இல்லை.

அந்த ஊரில் விற்பனையானவை மொத்தம் மூன்று வகை வண்டிகள்தான். இரண்டாவது, தோழன். அதில் ஏறியவருக்குத் தலைமுடி தானாக வகிடெடுத்துக்கொள்ளும், ஹேண்டில்பாரில் எங்கிருந்தோ ஒரு துணிப்பை வந்து தொங்கும், எந்தக் கடையில் தக்காளி நன்றாக இருக்கும் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது, ஜிவ். அதில் ஏறியவருக்கு வயது பத்தொன்பது. ஏறும்போது என்ன வயதாக இருந்தாலும் சரி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகனுடைய ஜிவ்வில் மருந்து வாங்கப் போனார். பந்தயத்தில் ஓட்டுகிறவன்போல் முதுகு முன்னால் வளைந்து, முடி செம்பட்டையாகித் திரும்பி வந்தார். அவர் மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை மறுபடி கல்லூரியில் சேர்த்துவிட்டார். அடுத்த வண்டியில் ஏறும்வரை முந்தைய வண்டி மனிதனைவிட்டு இறங்காது என்பது விதி. நடந்து பார்த்தவர்கள், பஸ்ஸில் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள்.

இதனால் ஊருக்குப் பெரிய சௌகரியம். மனிதர்களைப் பழகித் தெரிந்துகொள்ளும் வீண் வேலை ஒழிந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் ‘என்ன வண்டி?’ என்று கேட்டுவிட்டுத்தான் மாடியைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ரத்த வகைக்கு மேலே வண்டி வகைக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. போலீஸ்காரர்கள் ஜிவ்காரர்களைத் தவறு செய்வதற்கு முன்பே நிறுத்தி, செய்யப்போகிற தவறுக்குத் திட்டி அனுப்பினார்கள். கர்ஜனாக்காரர்களை நிறுத்தவே மாட்டார்கள். நிறுத்தினால், மலைப்பாதையில் தனியாகப் போன கதையை முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரேக்காரர் பதினோரு வருடமாகத் தோழன் ஓட்டினார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஈயம் அடித்த கதவுக்குப் பின்னால், நாளொன்றுக்கு நாற்பது பேரைப் படுக்கவைத்து, ‘மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று சொல்வது அவர் வேலை. எப்படிப்பட்ட குழந்தையும் அவர் குரலுக்கு அசையாமல் இருக்கும். கை முறிந்து வந்து ஊரையே கூட்டும் குழந்தைகூட, அவர் குனிந்து காதில் ஏதோ சொன்னதும் பொம்மைபோல் படுத்துக்கொள்ளும். முதல் படமே தெளிவாக விழும். பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது, அது அவருக்குத்தான் என்று ஈயக் கதவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நிர்வாகிக்கு மட்டும் தெரியவில்லை. “தோழன் ஓட்டறவர் நல்லவர்தான். அதான் யோசிக்கறேன். நல்லவர மேல உக்கார வச்சா எல்லாரும் லீவு கேப்பாங்களே” என்றார்.

தோழன்காரர் தானாக வண்டி மாற்றமாட்டார். மாற்றுகிற துணிச்சலை அந்த வண்டி கொடுப்பதில்லை. ஆனால் எக்ஸ்ரேக்காரருக்கு மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். கர்ஜனாக்காரன். “அத்தான், உங்க வண்டி போற சத்தம் கேட்டா யாரோ மூக்கு சிந்தறாங்கன்னு நினைக்கறாங்க. பின்ன எப்படித் தலைவராக்குவாங்க?” என்று சொல்லி, அவரை ஷோரூமுக்கு இழுத்துப்போய், கையைப் பிடித்துக் கையெழுத்தும் போடவைத்தான். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த தோழன் அன்றைக்கே உடைக்கப் போனது. அந்த வாரமே கம்பெனியும் தோழன் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. பொறுப்பானவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள் என்று விளம்பரத்தில் காரணம் சொன்னார்கள். எக்ஸ்ரேக்காரர் மீசையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நிர்வாகி நாற்காலியைவிட்டு எழுந்து நின்று பதவியைக் கொடுத்தார்.

அன்று மாலை அவர் வீட்டு மணியை அடித்தபோது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சங்கிலியை எடுக்காமல் கதவை நாலு விரல் திறந்து பார்த்தாள். “அம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காங்க” என்றாள். பிறகு மரியாதையாக உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “எங்கப்பா இன்னும் வரல அங்கிள். வந்துடுவார்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். மறுநாளும் நின்றாள். ஒரு மாதம் கழித்து நிற்பதற்குத் தோதாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் மனைவிக்கு, யார் வாயையும் திறக்கவைக்கவும் மூடவைக்கவும் தெரியும். இந்த விஷயத்தில் அவரும் கையை விரித்தார். “நானாவது முப்பத்திரண்டு பல்லையும் எண்ணிப் பாத்து நீங்கதான்னு நம்பிட்டேன். அவளுக்கு என்னத்தக் காட்டி நம்பவைக்கறது? போட்டோவக் காட்டினா, எங்கப்பாவ உங்களுக்கும் தெரியுமா அங்கிள்னு உங்களையே கேக்கறா” என்றார். தம்பி தைரியம் சொன்னான். “பழகிடும் அத்தான். எம்பொண்ணு ரெண்டு வருஷம் என்னை சார்னு கூப்பிட்டா. இப்ப நல்லா நெருங்கிட்டா, பேரச் சொல்லியே கூப்பிடறா.”

ஆஸ்பத்திரியிலும் புதுக்குரல் வேலையைக் காட்டியது. ‘மூச்சப் பிடி’ என்று அவர் சொன்னால் குழந்தைகள் நடுங்கினார்கள். படங்களில் எலும்புகள் இரண்டு இரண்டாக விழுந்தன. ஒரு சிறுமி அவர் சொன்னதும் பிடித்த மூச்சை வீட்டுக்குப் போயும் விடவில்லை. சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்து, அவரே எதிரில் நின்று ‘விடு’ என்று சொல்ல வேண்டியிருந்தது. நிர்வாகிக்கு இதில் பரம திருப்தி. தலைவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார். எக்ஸ்ரேக்காரர் ஒருநாள் மதியம் தன் மார்பைத் தானே படம் எடுத்துப் பார்த்தார். விலா எலும்பு ஒன்று கூடுதலாக இருந்தது. அதன்மேல் ‘கர்ஜனா’ என்று சாய்ந்த எழுத்தில் பொறித்திருந்தது.

மூன்றாம் மாதம் அவர் மெக்கானிக் அக்காவிடம் போனார். வயதில் அவரைவிட இளையவள்தான். ஆனால் ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தைச் சாக்பீஸால் வரைந்திருப்பாள். எது எங்கே போனாலும் அதன் காலியிடம் சொல்லிவிடும். பழைய தோழன் ஒன்று கிடைக்குமா என்று எக்ஸ்ரேக்காரர் தன் கட்டைக் குரலில் கெஞ்சினார். கர்ஜனாக் குரலில் கெஞ்சுவது கட்டளை மாதிரியே இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “தோழன் வச்சிருக்கறவங்க யாரும் விக்கமாட்டாங்க சார். வித்துட்டா சாயங்காலம் எத்தன மணிக்கு வீட்டுக்குப் போகணும்னு அவங்களுக்குத் தெரியாது. பழைய சாமான் கெடக்கு, நானே ஒண்ணு கட்டித் தரேன்” என்றாள். கர்ஜனா டேங்க், தோழன் சக்கரம், ஜிவ் சைலன்சர். “எஞ்சின் எதோடது அக்கா?” என்று கேட்டார். “அது எதுல இருந்து எடுத்தா என்ன? மூணுக்கும் உள்ள ஒண்ணுதான். ஒரே அச்சு, ஒரே நம்பர். வெளிய வர்ற சத்தத்துக்குத்தான் இத்தன கூத்து” என்றாள். டேங்க்கில் எம்ப்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அதில் ஏறி முதல் திருப்பத்தைக் கடக்கும்போது மீசை உதிர்ந்து சாக்கடையில் விழுந்தது. தோள் சுருங்கியது, குரல் ஏறியது. வகிடு வரவில்லை, துணிப்பையும் வரவில்லை. வீட்டு வாசலில் அவர் நிறுத்துவதற்குள் மகள் முக்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து அவர் வயிற்றில் தலையால் முட்டினாள். “மூணு மாசமாப்பா ஆபீஸ்ல இருந்து வர்றதுக்கு? உன்னைப் பாக்க ஒரு அங்கிள் டெய்லி வந்து வந்து, பாவம், இங்கயே தூங்கிட்டாரு” என்றாள். அவர் அழுதார். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “யார்கூடடீ பேசிட்டிருக்க?” என்று கேட்டாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று கட்டத்தில் எதிலும் டிக் விழாத ஆளைப் பார்க்க ஊர்க்கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தார், மகளுக்குத் தெரிந்தார், மெக்கானிக் அக்காவுக்குத் தெரிந்தார். சத்தத்தை வைத்து வண்டியின் பெயர் சொல்லப் பழகாத குழந்தைகளுக்கும் தெரிந்தார். மற்றவர்களுக்கு அவர் இருந்த இடம் காலி. கடையில் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. லிஃப்டில் அவர் காலைத்தான் எல்லாரும் மிதித்தார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லாமலே படங்கள் முதல் தடவையிலேயே தெளிவாக விழுந்தன, குழந்தைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியான பிறகு அந்தப் பிரிவு சிறப்பாக இயங்குவதாகவும், இதே ஏற்பாட்டை மற்றப் பிரிவுகளுக்கும் விரிவாக்கலாம் என்றும் நிர்வாகி மேலிடத்துக்கு எழுதினார். தம்பி வந்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, “அத்தான் தங்கமான மனுஷன். நான்தான் அவர ஒரு ஆளாக்கினேன். இப்ப எந்த மலையில சுத்தறாரோ” என்று உருகினான். எக்ஸ்ரேக்காரர் அவன் தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். அதையும் அவன் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, “அப்பாவ ஒரு நாளாவது கூட்டிட்டு வரக்கூடாதாம்மா?” என்று கேட்டார். மகள் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “இதோ இருக்காரே மிஸ்” என்றாள். வந்திருந்த பெற்றோர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை டைரியில் சிவப்பு மையால் எழுதினார்: ‘பொய் சொல்லப் பழகுகிறாள். வீட்டில் கண்டிக்கவும்.’ அதன் கீழே தந்தை கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது.

அன்றைக்கே மகளை முன்னால் டேங்க்கின்மேல் உட்காரவைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். “ஏதாவது ஒரு எம்ப்ளம் மாட்டிடுங்க அக்கா. என்னால இவ பொய்க்காரின்னு பேர் வாங்கக்கூடாது” என்றார். மெக்கானிக் அக்கா டப்பாவைத் துழாவினாள். ஒரே ஒரு கர்ஜனாத் தகடு கிடைத்தது. “ரெண்டு திருகுதான் சார். நல்லா யோசிச்சுக்கங்க” என்று ஸ்க்ரூடிரைவரை அவர் கையிலேயே கொடுத்தாள். முதல் திருகு இறங்கியது. இரண்டாவதைப் பாதி முறுக்கும்போது அவர் மேலுதடு அரித்தது, கழுத்து தடித்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த மகளின் கை மெல்லத் தளர்ந்தது. அவள் டேங்க்கின்மேல் ஒடுங்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். “அங்கிள்” என்றாள், பயத்தைக் காட்டிக்கொள்ளாமல். “எங்கப்பா இப்பத்தான் இங்க இருந்தாரு. என்னை இறக்கி விடறீங்களா? நான் வாசல்ல நிக்கணும்.”

அவர் ஸ்க்ரூடிரைவரை எதிர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு திருகையும் கழற்றித் தகட்டை அக்காவின் டப்பாவிலேயே போட்டார். டைரியில், தந்தை என்று கோடு போட்டிருந்த இடத்தில், தன் கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார். ஆள் இல்லாமல் கையெழுத்து மட்டும் வந்ததை ஆசிரியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து சரியாக இருந்தது. பள்ளிக்கு வேண்டியது கையெழுத்துதான் என்பதால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வருடங்கள் போயின. எல்லாச் சத்தங்களும் மகளுக்குப் பழகின. ஒரு பர்லாங் தூரத்தில் வருவது எந்த வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற வயதும் வந்தது. இனி அவள் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுவோமோ என்று எக்ஸ்ரேக்காரர் பயந்துகொண்டிருந்த வயது அது. ஒரு காலையில் அவள் வந்து, வழக்கம்போல் அவர் முதுகில் புத்தகப் பையை இடித்து ஏறிக்கொண்டு, “போலாம்ப்பா, ஏற்கெனவே லேட்டு” என்றாள். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி நினைக்கவில்லை. ஆளில்லாத வண்டி ஒன்று தினமும் காலை எட்டே காலுக்கு, பின்சீட்டில் ஒரு பெண்ணோடு, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போவதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் அவளை நிறுத்தி விசாரிக்கவும் செய்தார்கள், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று. புதிதாக மாற்றலாகி வந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மட்டும் சிக்னலில் வந்து, காலி முன்சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாரும்மா ஓட்டறது?” என்று கேட்டார்.

“எங்கப்பா சார்.”

போலீஸ்காரர் குனிந்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்ற முன் சக்கரத்தைப் பார்த்தார்.

“சரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொல்லு” என்றார்.

வண்டி ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றது.