தேவானந்தத்தின் நெஞ்சு நோவு

தேவானந்தத்துக்குத் தெலுங்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் எடை போடுகிற வேலை அவருக்கு. திங்கட்கிழமை காலை சித்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனால் சனிக்கிழமை சாயந்தரம்தான் வீடு திரும்புவார். இடைப்பட்ட நாளெல்லாம் பேசுவது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் தெலுங்கில்தான். ஆனால் ஜெபம் என்று கண்ணை மூடினால் தமிழ்தான் வரும். அது அவர் யோசித்துச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை. சித்தூர் மிஷன் கோயிலில் அவருடைய நைனா, அதாவது அப்பா காலத்திலிருந்தே காலை ஆராதனை தமிழிலும் சாயந்தர ஆராதனை தெலுங்கிலும் நடந்து வந்தது. இவர் காலையில் போவார், அவ்வளவுதான்.

ஆந்திர மாநிலம் பிரிந்த வருஷம் அது மாறியது. சித்தூர் யாருக்கு என்று ஊரெல்லாம் கூட்டமும் கோஷமுமாக இருந்த நேரம். புதிதாக வந்த போதகர், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் படிக்கிறார்கள், சபை ஒன்றாக இருக்கும்போது ஆராதனை எதற்கு இரண்டு என்று மூப்பர்களோடு பேசி முடித்துவிட்டார். இனிமேல் காலையில் ஒரே ஆராதனை, தெலுங்கில். கடைசிப் பாட்டு மட்டும் தமிழில் இருக்கட்டும் என்றார். அந்தக் கடைசிப் பாட்டுதான் தேவானந்தத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பந்தி முடிந்தபிறகு இலையில் ஒட்டியதை வழித்துக் கொடுத்ததுபோல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை.

தனியாகவும் இல்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஏசுரத்தினம் என்பவருடைய வீட்டில் தமிழில் கூடினார்கள். முதல் வாரம் இடம் போதாமல் வாசலில் பாய் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வேதம் வாசிக்கிற நேரம் குறைந்து, திருத்தணி எந்தப் பக்கம், திருப்பதி எந்தப் பக்கம் என்கிற பேச்சு கூடியது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார்கள். ஏசுரத்தினமும் போனார். தேவானந்தம் மட்டும் வீட்டில் இருந்தார்.

அவர் மனைவி தபீதாள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வாங்க என்று கூப்பிடவும் இல்லை. குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, சோறு மூடி வைத்துவிட்டுப் போவாள். அவர் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் ஓர் அதிகாரம், பிறகு பாதி. பிறகு புத்தகம் திறந்தே இருக்கும், அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தான் விசுவாசிக்கிறோமா என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. இப்போது கேட்டுப் பார்த்தார். பதில் தெரியவில்லை. வீட்டிலேயே இருந்தால் கர்த்தர் கேட்கமாட்டாரா என்று தனக்குத்தானே வாதாடினார். கேட்பார் என்றே பட்டது. ஆனால் சொல்வதற்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

மாங்காய்ப் பருவம் முடிந்து, மழைக்கு முன்னால் வீட்டு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது கீழே நாலு பேர் வந்து நின்றார்கள். போதகர், இரண்டு பெண்கள், தாசில்தார் கச்சேரியில் பியூனாக இருக்கும் கங்கையா. கங்கையா முன்பு சாயந்தர ஆராதனைக்காரர். தேவானந்தம் அவரோடு பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. பெண்கள் கையில் நோயாளிக்குக் கொடுக்கிற ரொட்டியும் சாத்துக்குடியும் இருந்தன.

கூரைமேல் அவரைப் பார்த்த கங்கையா கையெடுத்துக் கும்பிட்டு, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று தெலுங்கில் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. போதகரும், நெஞ்சு நோவு எப்போது விட்டது, ஏன் சபைக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். இத்தனை மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் சபை அவருக்காக ஜெபித்து வந்ததாம். பார்க்க வருகிறோம் என்றபோதெல்லாம் தபீதாள் தட்டிக் கழித்தாளாம். கங்கையா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாராம். தேவானந்தம் கையில் ஓட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். இறங்குவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல வரவேண்டும் என்று சொல்லி அவர்கள் போனார்கள்.

இறங்கி வந்து மனைவியைக் கேட்டார். தபீதாள் முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். மகள் எஸ்தரின் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"கிறிஸ்மஸுக்கு எல்லாரும் வந்துட்டாங்க, நீங்க மட்டும் ஏன் வர்லன்னு கேட்டாங்க. நெஞ்சு செரியில்லன்னு சொன்னேன். அவங்க நோவுன்னு நெனச்சிக்கினாங்க."

"எனுக்கு நோவு இல்லன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியாது, எஸ்தரு நைனா. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மறுபடி கூரைமேல் ஏறினார். அந்த வாரம் முழுக்க மண்டியில் தராசைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோவு இல்லை. முன்பு இருந்ததா? நோவு இல்லாதவனுக்கு ஜெபித்தால் அந்த ஜெபம் எங்கே போகும்? கோபம் மனைவிமேல் வரவேண்டும், வரவில்லை. வெட்கம் வந்தது. தன்னை விட்டுவிட்டார்கள் என்று யாரை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாரோ, அவர்கள் வாராவாரம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்தப் பக்கம் வைத்து நிறுப்பது என்றே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனார். போதகர் கூப்பிட்டதும் எழுந்து தெலுங்கில் ஆரம்பித்தார். நாக்கில் வந்ததெல்லாம் மண்டித் தெலுங்கு. கூடை, விலை, கழிவு. நாலு வார்த்தையில் நின்றுபோய்த் தமிழில் சொன்னார்.

"நான் படுத்துக் கெடக்கல. கோவிச்சிக்கினு வீட்ல குந்தினு இருந்தேன். எம் பொஞ்சாதி சொன்னதும் பொய்யின்னு எனுக்குச் சொல்லத் தெரியல. சொகமாச்சின்னு சொல்றதா, ஏமாத்திட்டேன்னு சொல்றதா, ஒண்ணும் புரியல."

போதகர் வேதத்தின் பக்கத்தைப் புரட்டினார், ஆனால் எதையும் வாசிக்கவில்லை. தபீதாள் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கங்கையா எழுந்தார். அவருக்குத் தமிழ் வரும் என்றே தேவானந்தத்துக்கு அதுவரை தெரியாது.

"அப்போ நான் வெள்ளிக்கெழம பட்டினி கெடந்தது இன்னாத்துக்கு அண்ணா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தேவானந்தம் போதகரைப் பார்த்தார். போதகர், பாடலாம் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். தெலுங்கு எழுத்து தேவானந்தத்துக்கு வாசிக்க வராது. கேட்டதைக் கேட்டபடி ஒரு வரி பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் கங்கையா காத்திருந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. தனக்குப் பதில் வேண்டும், இன்றைக்கே வேண்டாம், வருகிற வாரம் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

அடுத்த வாரமும் தேவானந்தத்திடம் பதில் இல்லை. அதைச் சொல்வதற்காகவே போனார். கங்கையா தலையை ஆட்டிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தெலுங்கு ஜெபத்துக்கு நடுவில் தேவானந்தத்துக்கு இப்போதும் பாதியில் நூல் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் தமிழில் ஒரு வார்த்தை போட்டு ஒட்டிக்கொள்வார். அது தப்பா சரியா என்று யாரையும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் கங்கையா கேட்பதையே விட்டுவிட்டார். தேவானந்தம் போவதை விடவில்லை.

ஒருநாள் ஏசுரத்தினம் கடைத்தெருவில் நிறுத்தி, கிறிஸ்துமஸுக்குக்கூட வராமல் அவ்வளவு வீறாப்பாக இருந்தவர், இப்போது தெலுங்கில் அப்படி என்ன கண்டுவிட்டீர்கள் என்று கிண்டலாகக் கேட்டார். தேவானந்தம் நின்று யோசித்தார். வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்லலாமா என்று பார்த்தார். எதுவும் பொருந்தி வரவில்லை.

"தெரியல," என்றார். "போனா, கங்கையா எடம் வெச்சிக்கினு கீறாரு."

சொல்லிவிட்டு, அது பதில்தானா என்கிற சந்தேகத்தோடே பஸ்ஸுக்கு நடந்தார்.