பங்கு பிரிக்காத பஞ்சு

அண்ணன் தம்பி இனித் தனித்தனி வீடு என்று முடிவானபோது மீன் தொட்டியையும் பங்கு பிரித்தார்கள். பழைய தொட்டி இளையவனுக்கு. மூத்தவன் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். தங்கமீன்களில் பாதி, கூழாங்கல்லில் பாதி, செடியில் பாதி. மூத்தவனின் மனைவி பழைய தண்ணீரைக்கூட இரண்டு கேன்களில் பிடித்துக்கொண்டு போனாள், மீன்களுக்குப் பழகிய தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று. அவள் கேட்காமல் விட்டது வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு ஒன்றைத்தான். கறுத்து, வழவழத்து, சேற்று வாடை அடிக்கும் அதில் யார் பங்கு கேட்பார்கள்?

அதுவும் இவளா கேட்பாள்! ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. கொழுந்தன் அவளுக்கு வைத்த பெயர் 'சோப்பண்ணி'. அவனுடைய மனைவி, அதாவது இவளது ஓரகத்தி, ஒருநாள் சமையலறையில் வாளியை வைத்து அந்தப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். "உங்க அழுக்கை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்று இவள் சொன்னது அன்றைக்குத்தான். வீடு இரண்டானதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். எல்லோர் மனதிலும் தைத்து நின்றது அந்தப் பேச்சு.

புதுத் தொட்டியில் கூழாங்கல்லைக் கொதிநீரில் போட்டெடுத்துப் பரப்பினாள். பஞ்சு வெள்ளை வெளேர். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு.

ஒரு வாரத்தில் சின்ன மீன் ஒன்று செத்தது. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கின. அவற்றில் மேனேஜரும் இருந்தான். தொப்பையைத் தள்ளிக்கொண்டு வருவான், அவன் தின்று முடிக்கும்வரை மற்ற மீன்கள் ஒதுங்கி நிற்கும்; அதனால் அந்தப் பெயர். பங்கு பிரிக்கும்போது அவள் அடம் பிடித்து வாங்கியது அவனைத்தான்.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. இதுங்களுக்கு என்ன கேடு?" என்றான் கணவன்.

மீன் கடையில் தண்ணீர்ச் சோதனை மருந்து வாங்கி வந்து, சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்துச் சொட்டுவிட்டாள். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சையாக மாறியது. அம்மோனியா. கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"பஞ்சு பழசா, புதுசாம்மா?"

"புத்தம் புதுசுங்க."

"அதான் வினையே!"

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியேறும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அதுதான் வரும். அது நிறமில்லாமல் கரைந்திருந்து செவுளைச் சுட்டுப் புண்ணாக்கும். நாள்பட்ட தொட்டியிலோ அதைத் தின்றே பிழைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று இருக்கிறது. அது அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ஆனால் அதைத் தின்ன அடுத்த பந்தியில் இன்னொரு கூட்டம் காத்திருக்கும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், மீதி தண்ணீர் மாற்றும்போது போய்விடும்.

இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. எதிலாவது ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துபவை. ஆயிரம் துளை, துளைக்குத் துளை ஓடும் தண்ணீர், தண்ணீரோடு வரும் பிராணவாயு. பஞ்சைவிட நல்ல குடியிருப்பு எங்கே கிடைக்கும்? கேனில் வந்ததில் அவை இருந்தாலும் பேருக்குத்தான். கல்லோடு வந்தவை கொதிநீரில் வெந்துபோயின. புதுப் பஞ்சில் தாமாகக் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். மேனேஜருக்கு அத்தனை அவகாசம் இல்லை.

கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிறது என்பதற்காக எந்தக் கத்தரிக்கோலையும் நம்பாதே என்று, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுகிறவளே அவள்தான். பாதித் தண்ணீரை மாற்றினாள். பிறகு ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குக் கிளம்பினாள்.

கதவைத் திறந்த ஓரகத்தி அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்கக்கா. என்ன, பலகாரமா?"

"காலி டப்பாடி. வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

"என்னத்தை?"

மூத்தவளின் கை தொட்டிப் பக்கம் நீண்டது. "அந்தப் பஞ்சு... கொஞ்சம் வேணும். மேனேஜருக்கு மூச்சு வாங்குது."

ஓரகத்தி இடுப்பில் கை வைத்தாள். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்ல உரிமையும் இருந்தது. இவளும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றாள்.

"பாலைக் காய்ச்சி வச்சுட்டு உறை ஊத்தாம தயிருக்குக் காத்திருக்கீங்களேக்கா!" என்று சிரித்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாள் ஓரகத்தி. பஞ்சை வெளியே எடுத்துச் சரிபாதியாக வெட்டினாள்.

"அவ்வளவு வேணாம்டி. உன் மீனுக்கு?"

"இங்க இருந்தது முழு மீனுக்குண்டான கூட்டம். பாதி மீன் போனதுலேருந்து இதுங்களுக்கும் அரை வயித்துச் சாப்பாடுதான். இது உங்க பங்குக்கா. அன்னைக்கே கொடுத்திருக்கணும்."

இவள் டப்பாவைத் திறந்தாள். வெட்டிய பாதியை டப்பாவில் வைத்துத் தொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். கை பழக்கத்தில் மூடியை இறுக்கப் போனது.

"ஐயோ, அடைக்காதீங்க! மூச்சு முட்டிடும்."

"யாருக்கு?"

"அதுங்களுக்குத்தான். வழியில எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போங்க. குழாய்த் தண்ணியில மட்டும் காட்டிடாதீங்க, அதுல கலக்குற குளோரினே கொன்னுடும். ரெண்டு நாளைக்குத் தீனியும் வேணாம்."

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த வாயைக் கைக்குட்டையால் லேசாக மூடிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஆவியில் அவித்துக் கொன்ற கிருமிகளின் சொந்தக்காரர்களை மடியில் வைத்து ஊர்வலம் போவதுபோல் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து எழுந்து போனார். அவள் டப்பாவைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் பஞ்சைப் பொருத்தியதும் பழுப்புப் புகை தொட்டி முழுக்கப் பரவியது. கணவன் வலையைத் தேடி ஓடினான். "கையை வைக்காதீங்க, இருக்கட்டும்" என்றாள்.

மேனேஜர் அன்றும் மறுநாளும் மேலேயேதான் நின்றான். தினமும் குளோரின் போக்கிய தண்ணீரால் கொஞ்சம் மாற்றினாள், சொட்டுவிட்டுப் பார்த்தாள். பச்சை வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் குழாய் மஞ்சளாகவே நின்றது. தொட்டியின் மேல் பக்கம் காலி. குனிந்து பார்த்தாள். கணவனைக்கூட எழுப்பாமல் ஓரகத்திக்குப் போன் போட்டாள்.

"கீழ போயிட்டான்டி!"

"ஐயோ! செத்துட்டானாக்கா?"

"வாயைக் கழுவு! கீழ போய்க் கல்லை மேயறான். தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கல்லா எடுத்துத் துப்பறான்."

அந்தப் பக்கம் பெருமூச்சும் சிரிப்பும் கலந்து வந்தது. யாரும் போனை வைக்கவில்லை.

"நீதான் இன்னும் வீட்டையே பாக்கலையே" என்றாள் மூத்தவள். "வந்து அவனைப் பாரேன்."